மூன்று தடவை வெளுத்த படம்

"தேவா, நேரடி வீடியோவுல எப்படி படம் வெளுத்து மறையும்?"

லேப்டாப் திரையில் மேலதிகாரி ஜெயசித்ரா முறைத்தாள்.

வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் ஒவ்வொரு காட்சியையும் புதிதாகச் சேமிக்காது. முந்தைய காட்சியிலிருந்து எது எங்கே நகர்ந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். படம் மெல்ல வெளுத்து மறைந்தாலோ, எதுவும் நகராமலே எல்லாம் மாறிவிடும். மென்பொருள் குழம்பிப்போய்ப் படத்தைக் கட்டம் கட்டமாக உடைத்து வைக்கும். அப்படி வெளுக்கும் இடங்களைக் கண்டுபிடிக்கத்தான் தேவா புரோகிராம் எழுதியிருந்தான். இன்று அதற்குப் பரீட்சை.

இருவரும் பேசும் வீடியோவையே அதற்குக் கொடுத்திருந்தார்கள். நேரடிப் பேச்சில் வெளுப்பு இருக்காது; அதனால் புரோகிராம் தரும் பட்டியல் காலியாக வரவேண்டும். இல்லையென்றால் வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், திங்கட்கிழமை சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்பது ஜெயசித்ராவின் உத்தரவு.

பட்டியலின் தலையில் தேவாவின் கேமரா. மூன்று தடவை வெளுப்பு!

புரோகிராம் தப்பே செய்யவில்லை, அதுதான் கொடுமை. அம்மாவுக்குச் சளி, பாவூர்சத்திரம் வீட்டில் இருக்கிறேன் என்று புளுகிவிட்டு, சீசனுக்குக் குற்றாலத்தில் அறை எடுத்து, பால்கனியில் உட்கார்ந்திருந்தான் அந்த மகாராசன். பின்னணியை மறைத்தவன், மலையிலிருந்து இறங்கிக் கேமராவையே வெள்ளையாக மூடிய சாரல் மூட்டத்தை மறந்துவிட்டான்.

"ஏங்க, அருவிக்கு வாரியளா இல்லியா?" என்று துண்டோடு நின்ற மனைவி ஜெயபிரியாவைக் கைகாட்டி அடக்கினான்.

"அது வந்து மேடம்... அம்மாவுக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிச்சோம். புகை இங்கன வந்துட்டு."

"மூணு தடவையா?"

"கெட்டிச் சளி மேடம்."

"சரி, புரோகிராம் பாஸ். அந்த லிஸ்ட்டை உடனே அழிச்சிடுங்க" என்றாள் ஜெயசித்ரா.

அப்பாடா! அழிக்கப் போன தேவா, பட்டியலின் அடிப்பகுதியைப் பார்த்தான். அங்கே ஜெயசித்ராவின் கேமரா. நான்கு தடவை வெளுப்பு.

"மேடம், சென்னையில உங்க வீட்லயும் யாருக்கோ கெட்டிச் சளி போலயே?"

ஜெயசித்ராவின் குரலில் ஆபீஸ் தமிழ் காணாமல் போய், பிறந்த ஊரான கடையம் வந்து உட்கார்ந்தது.

"எய்யா, நல்லாருப்ப! யாரும் கேட்டா ரெண்டு வீட்லயும் ஆவின்னே சொல்லிருவோம். அது கெடக்கட்டும், உன் வீட்டுக்காரி அருவிக்குக் கூப்பிட்டது கேட்டுச்சு; உன் ரூம்ல இருந்து ஐந்தருவி தெரியுதா? பொம்பளையாளுவ வரிசை எம்புட்டு நீளத்துக்கு நிக்குது?"