கடைசிப் படத்து மாலை

2024 மார்ச் 8 அன்று மலேசியாவின் மெர்லிமாவ் ஊர் மண்டபத்தில் மகளிர் தின விழா நடந்தது. மேடை நாற்காலிகளில் ஆண்கள் அமர்ந்திருந்தார்கள். மறைந்த சாதனைப் பெண்களின் படங்கள் சுவரில் மாலையோடு தொங்கின.

முதிய பெண் ஒருவர் சங்கச் செயலாளர் திருச்செல்வத்திடம் கடைசிப் படத்தைக் காட்டினார். “அந்த மாலையக் கழட்டு தம்பி.”

“ஆன்ட்டி, அது ராக்காயி. ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டுன பொம்பளைங்களத் திரட்டி, எஸ்டேட் துரைய எதிர்த்தவங்க. மரியாதைக்குத்தான் லா மாலை.”

“இருந்தப்ப மேடையேத்துனீங்களா?”

“ஆசதான். அதுக்குள்ள போய்ட்டாங்களாம்.”

“எங்க போனேன்? புக்கிட் காத்தில் ஊர்லதான் இருக்கேன்.”

திருச்செல்வம் படத்தையும் அவரையும் பார்த்தார். நெற்றியில் அதே தழும்பு.

“மன்னிச்சிருங்க. முன்வரிசையில உக்காருங்க.”

“கீழ உக்காரவா துரைய எதிர்த்தேன்?”

ராக்காயி மேடையேறிச் சங்கத் தலைவரின் நாற்காலிக்கு எதிரே போய் நின்றார்.

மாலை கழற்றப்பட்டது. விழா முடியும்வரை தலைவர் நின்றுகொண்டிருந்தார்.