இரண்டாவது கியர்

லொறி ஓடுகிறதா, நிற்கிறதா என்று இராஜநாயகத்துக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே துறைமுகத்துக் கடல் பின்னால் போனது. ஆனால் சத்தம் இல்லை, அதிர்வும் இல்லை. இல்லாத கிளச்சை இடது கால் தேடித் தேடி மிதித்தது. இல்லாத கியரைக் கை தடவியது. ஆயுளில் பாதியை டீசல் லொறியில் கழித்த மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்னத் திரையை அடிக்கொருதரம் பார்த்தார். கிளிவெட்டியில் சீமெந்து இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அதுவும் எரிச்சலைத்தான் கிளப்பியது. குறை சொல்ல ஒன்றாவது கிடைக்க வேண்டாமா?

பின்னேரம் கம்பனியில் பதில் சொல்ல வேண்டும்.

துறைமுகப் பக்கத்துப் புகையைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பழைய லொறிகளைக் கழித்துவிட்டு மின்சார லொறி எடுக்கக் கம்பனி தயார், சாரதிகள் சம்மதித்தால். சாரதிகள் எல்லாருக்கும் வாய் இராஜநாயகம்தான். ஆகவே ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி புது லொறியின் திறப்பை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார். அந்த முடிவைத் திறப்பை வாங்கும் முன்னமே எடுத்தாயிற்று.

போன மாதக் கூட்டத்தில், டீசல் புகை நெஞ்சுக்குள் செய்யும் வேலையை ஓர் அதிகாரி படம் போட்டுக் காட்டினார். எழும்பி நின்றவர் இராஜநாயகம்.

“என்ர வீடு ரோட்டுக்கரையில. எல்லா லொறியும் புகை கக்கிக்கொண்டு அதாலதான் ஏறுது. என்ர மனிசிய வந்து பாருங்கோ, ஒரு தும்மல் கிடையாது.”

மண்டபமே கைதட்டியது. அதிகாரி படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். அதை இன்றுவரை கண்டவர் நிண்டவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் நம் ஆள்.

அவர் பொய் சொல்லவில்லை. மத்தியானத்தில் வீட்டுக்கு முந்திய வளைவில் அவர் இரண்டாவது கியர் போட்டால் தெரு முழுக்கக் கேட்கும். லொறியை நிறுத்தி இறங்குவதற்குள் மனைவி மாகிரட் வாசல் படலையில் நிற்பாள். முகம் கழுவி, பவுடர் பூசி, கையில் பிளேன்ரீயோடு, சிரித்தபடி. ஒரு நாளும் பிசகியதில்லை.

இன்றைக்கு வளைவில் மாற்றக் கியர் இல்லை. லொறி பூனை மாதிரி ஏறிப்போய் வீட்டு வாசலில் நின்றது.

படலையில் யாரும் இல்லை.

கோபம்தான் முதலில் வந்தது. லொறியில் இருந்தபடியே ஸ்டியரிங்கில் விரல்களால் தட்டினார். பொறுக்க முடியவில்லை. இறங்கி, படலையைத் தள்ளி, வீட்டைச் சுற்றிக் குசினிப் பக்கம் போனார்.

மாகிரட் குசினிக் கதிரையின் விளிம்பில் குனிந்து இருந்தாள். ஒரு கை முழங்காலில் ஊன்றியிருந்தது. மறு கையில் முட்டு வருத்தக்காரர் மூச்சுக்கு இழுக்கும் மருந்துப் பம்பு. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. மூச்சு விசிலடித்தது. கதவுக்குப் பின்னால் ஒரு பாண் பை தொங்கியது. அதற்குள்ளும் பம்புகள், எல்லாம் முடிந்துபோன பழையவை.

அடுப்பில் கேத்தல் வைத்தபடி இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி, பவுடர் டின்.

நிழல் தட்டியதும் நிமிர்ந்தாள். அவரைக் கண்டதும் அவள் கை பதறிக்கொண்டு போனது பவுடர் டின்னுக்கு.

“சத்தம் கேக்கேல்லையேப்பா...” என்றாள், மூச்சுக்கு நடுவில்.

இத்தனை நாளும் வளைவில் அவர் போட்ட கியர் அவளுக்கு எதற்கு உதவியிருக்கிறது என்று இராஜநாயகத்துக்கு விளங்கியது. கைதட்டிய மண்டபம் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நிருபன், கூட ஓடும் சாரதி. எல்லாரும் இப்போதே கம்பனி வாசலில் அவருடைய பதிலுக்குக் காத்து நிற்பார்கள். அவர் எடுக்கவில்லை.

மாகிரட்டைத் தாங்கிக்கொண்டு போய் லொறியின் முன் இருக்கையில் ஏற்றினார். ஆஸ்பத்திரியை நோக்கி லொறி அரவமில்லாமல் இறங்கியது. கடல் காற்றில் அவளுடைய மூச்சு மெல்ல மெல்லச் சீர்ப்பட்டது. லொறிக்குள் கேட்டது அந்த மூச்சு மட்டும்தான்.

“இனி வரேக்க, அந்த வளைவில ஒருக்கா ஹோன் அடிச்சுக்கொண்டு வாங்கோ” என்றாள்.

“அடிக்கமாட்டன்” என்றார் இராஜநாயகம். “இனி இந்த லொறிதான்.”