பதினொரு மணி அழைப்பு

"புகார் எல்லாம் இப்போ கான்ட்ராக்ட் கம்பெனி நம்பருக்குத்தானே போகுது? இந்தப் பழைய போனை இன்னிக்கே துண்டிச்சிடலாம்" என்றார், ஆய்வுக்கு வந்த அதிகாரி தினகரன்.

அம்பத்தூரில் இருந்த அந்தக் குடிநீர் அலுவலகத்தில் ஆறு நாற்காலிகள். ஐந்து காலி. வேலையைக் கம்பெனிக்கு விட்டாலும், கையெழுத்துப் போட நிரந்தர ஊழியர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் சரசா மட்டும் மிஞ்சியிருந்தாள்.

"தினம் பதினொரு மணிக்கு ஒரு போன் வருது சார்." அவசரமாகப் பதிவேட்டை நீட்டினாள்.

எட்டு மாதமாக ஒரே நம்பர். மேனாம்பேட்டுப் பெண். ஒருநாள் தண்ணீர் கலங்கல், ஒருநாள் குழாயில் காற்றுதான் வருகிறது.

"இந்தம்மா ஏன் கம்பெனிக்குப் பண்ணல?"

"அங்க மெஷின் பேசுது சார். ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னு. இங்கன்னா மனுஷங்க பேசுவாங்கன்னுதான்..."

"நானே சொல்லிப் புரிய வைக்கிறேன்."

"வேணாம் சார், நான் சொல்லிக்கிறேன்!"

அதற்குள் அவர் மேஜை போனில் அந்த நம்பரை அழுத்தியிருந்தார்.

சரசாவின் கைப்பைக்குள் மணி அடித்தது.

தினகரன் அவளைப் பார்த்தார். பிறகு காலி நாற்காலிகளைப் பார்த்தார். ரிசீவரை வைக்கவில்லை. மணி நிற்கவில்லை. கடைசியில் அவள் செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்கம்மா, என்ன புகார்?" என்று ரிசீவரில் கேட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் போனிலேயே சொன்னாள்.

"இங்க பேச ஆளே இல்லீங்க சார்."