புது ஆளுங்க

ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்கு சீவும் ராணியம்மாளின் தலையில், கேமரா வைத்த தொப்பியை மாட்டினார் சூப்பர்வைசர் தீனதயாளன்.

"இன்னாத்துக்குங்க இது?"

"புதுசா வர்ற ஆளுங்க ஒன் கையப் பாத்துத்தான் வேலை கத்துக்கணும்."

"எம் பொண்ணு இசைவாணியையும் சேத்துக்குவீங்களா?"

"பாக்கலாம்."

மகள்தான் எதிரே உட்கார்ந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, ராணியம்மாள் ஒவ்வொரு கிழங்கையும் பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் சீவிக் காட்டினாள்.

"நாலு கெழங்குக்கு ஒருக்கா நெத்தியத் தொடச்சிக்கினே இருக்கியே. கொஞ்சம் கம்மி பண்ணு" என்றார் தீனதயாளன்.

"வேர்வ கண்ணுல எறங்குதுங்க. இன்னா பண்றது?"

ஒரு மாதம் கழித்து அவரே தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"நாளையிலேருந்து நீங்க யாரும் வர வேணாம்."

"புது ஆளுங்க வந்துட்டாங்களா? ஒருக்கா பாத்துட்டுப் போறேங்க."

அவர் பக்கத்து ஷெட்டின் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே வரிசையாக இருபது ஜோடி இரும்புக் கைகள், அவளைப் போலவே திருப்பித் திருப்பிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தன. நாலாவது கிழங்கு முடிந்ததும் எல்லாக் கைகளும் ஒன்றாக மேலே எழுந்து, தலையே இல்லாத இடத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டன.