கொச்சிக் கச்சேரி, முதல் தரம்

மூத்த ராக் பாடகர் எட்வின் ராயப்பனின் கச்சேரிப் பதிவுகளைச் சேகரிப்பவர் கிளமென்ட். சேகரிப்போர் சங்கத்தின் விதிப்படி, ஒரு கச்சேரிக்கு முதல் தரப் பதிவு கிடைத்ததும் உலகிலுள்ள அதன் மற்ற பிரதிகள் தாமாகவே அழிந்துவிடும். கிளமென்ட் சுத்தம் செய்து அனுப்பிய கொச்சிப் பதிவுக்கு இன்று முதல் தரம் கிடைத்தது.

“ஒரு இருமல்கூட இல்ல, கேளு ஜெசி!”

அவர் மனைவி ஜெசிந்தா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவில் தான் தினமும் கேட்கும் இடத்துக்கு ஓட்டினாள். இரண்டாம் பாட்டு முடிந்ததும் ரோஷன் “அப்பா, சூப்பர்ப்பா!” என்று கத்துவான். இறந்துபோன மகனின் குரல் மிஞ்சியிருந்தது அங்கே மட்டும்தான்.

அந்த இடத்தில் கழுவிய கண்ணாடிபோல் அமைதி இருந்தது.

“ஏங்க, நம்ம புள்ள எங்கங்க?”

“அவன் கத்துனதாலதானே ஜெசி, இத்தனை வருஷமா இது ரெண்டாந்தரத்துல கிடந்துச்சு” என்றார் கிளமென்ட். “ஷ்... இப்ப கிட்டார் வரும், கேளு.”