கூண்டுக்குள் ஒரு புலி

சர்க்கஸ் மிருகவதையை எதிர்த்துக் கலைக்குழு ஒன்று நடத்திய நிகழ்வு அது. கூண்டுக்குள் புலியாக மனைவி. வெளியே சாட்டையோடு கணவர்.

"முதுகுக்குச் சாயம் பூச உங்களுக்குக் கை எட்டுமா அக்கா?" என்றாள் ஒப்பனைக்காரி.

"எட்டும்மா. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

கணவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கடைசியில முகத்தை மட்டும் கழுவு. கோடு போனதும் புலி மனுஷியாயிடும், கூட்டம் கைதட்டும். வேற ஏதாவது பண்ணினே, அப்புறம் வீட்டுக்குத்தானே வரணும்!"

அரங்கில் சாட்டை காற்றை மட்டுமே அடித்தது. எறும்புக்கும் தீங்கு நினையாத உத்தமர் என்று விழாத் தலைவர் அவரைப் புகழ்ந்தார்.

அவள் முகத்தைக் கழுவவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, வாளித் தண்ணீரைத் தோளில் கவிழ்த்தாள்.

கறுப்புக் கோடுகள் அனைத்தும் கரைந்தோடின. பெல்ட்டின் அகலத்தில் சிவந்து தடித்த நான்கு மட்டும் கரையவில்லை.