ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

மருமகள் செருப்பை மாட்டும்போதே மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடித்தால் விசாரணை ஆரம்பம் என்பது அவளுக்குத் தெரியும்.

“இன்னைக்கும் லேபா? வாரத்துல ஒரு நாளாவது எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடக் கூடாதா?”

“ஒரு மணி நேரத்துல வந்துடுவேன் மாமா. அந்தச் செல்லுங்களுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சாப்பாடு மாத்தணும். இல்லைன்னா செத்துடும்.”

“எச்சில் சுரக்குற செல்லுதானே? செத்தா சாகட்டும். வேற எடுத்துக்கோங்க.”

“அப்படிக் கெடைக்காது மாமா. ஏழு பேர்கிட்ட எடுத்தோம். ஆறு பேரோடது கொஞ்ச நாள் பெருகிட்டு நின்னுடுச்சு. இது ஒண்ணுதான் மரபணுவை மாத்தினதும் சாகாம பெருகிட்டே இருக்கு. வாய் வறண்டு சாப்பாடு எறங்காம தவிக்கிறவங்களுக்கு மருந்து கண்டுபிடிக்க இதைத்தான் நம்பியிருக்கோம்.”

“எவனோ ஒருத்தன் எச்சிலுக்காக நம்ம வீட்டுச் சாப்பாடு ஆறிப்போகணுமாக்கும்.”

தெரிந்தால் மனிதருக்குத் தரையில் கால் பாவாது என்றுதான் அவள் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தாள். இனி வேறு வழியில்லை.

“எவனோ இல்லை மாமா. போன வருஷம் கல் அடைச்சுதுன்னு உங்க தாடைக்குக் கீழே ஒரு சுரப்பியை எடுத்தாங்களே, அதுதான். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாம்னு கையெழுத்துகூடப் போட்டீங்க.”

மாமனார் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்புறம் என்ன நின்னு பேசிக்கிட்டு? மணி பதினொண்ணு ஆயிடுச்சு. அங்க நான் பசியோட இருப்பேன், கெளம்பு.”